கேள்வி அல்ல, பதில்தான் அவமானம்



"மக்களைக் காப்பது சட்டமா? கேள்வியா?" இதுதான் தலைப்பு. சட்டமே என்று எதிரணித் தலைவர் அடித்துப் பேசிவிட்டுப் போனார். "சட்டம் ஒரு வேலி, வேலி இருந்தால் பயிர் பத்திரம்" என்றார். ஐயா, வேலியே பயிரை மேய்ந்தால் என்ன செய்வீங்க? அப்படி மேய்ந்த ஒரு வேலியைப் பற்றித்தான் நான் பேசப் போகிறேன். கற்பனை இல்லீங்க, வரலாறு. நடந்த இடம் தென்னாப்பிரிக்கா.

வெள்ளையர்கள் மட்டுமே உறுப்பினராக இருந்த நாடாளுமன்றம். 1963-ஆம் ஆண்டு நீதி அமைச்சர் ஜான் வோர்ஸ்டர் ஒரு சட்டம் கொண்டு வந்தார். போலீஸ் ஒருவரைப் பிடித்தால் குற்றச்சாட்டு வேண்டாம், வக்கீல் வேண்டாம், நீதிமன்றம் வேண்டாம். 90 நாள் உள்ளே வைக்கலாம். 90 நாள் முடிந்தால்? மறுபடியும் 90 நாள்! கவனிங்க, கொண்டு வந்தவருக்குப் பெயர் நீதி அமைச்சர். (சிரிப்பு) பிரதான எதிர்க்கட்சியும் சேர்ந்து கை தூக்கிவிட்டது. எதிர்த்து விழுந்தது ஒரே ஒரு வாக்கு. ஹெலன் சுஸ்மான் என்ற பெண்மணியின் வாக்கு.

அந்த அம்மா யார் தெரியுமா? பல்கலைக்கழகத்தில் பொருளாதார வரலாறு சொல்லிக் கொடுத்தவர். நம்ம இனம், வாத்தியார்! 1961 முதல் 1974 வரை 13 ஆண்டுகள் அவருடைய கட்சிக்கு அந்த அவையில் அவர் ஒருவர்தான் உறுப்பினர். ஒற்றை ஆள் ஒரு சட்டத்தைத் தடுக்க முடியுமா? முடியாது. கேள்வி கேட்க முடியுமா? முடியும். கேட்டார். விடாமல் கேட்டார். எத்தனை பேரைப் பிடித்து வைத்திருக்கிறீர்கள்? அதில் எத்தனை பேர் மீது வழக்குப் போட்டீர்கள்? காவலில் எத்தனை பேர் செத்தார்கள்? எப்படிச் செத்தார்கள்?

எண்ணிக்கை கேட்டு என்ன லாபம் என்று நினைக்காதீங்க. அமைச்சர் சொல்கிற பதில் அவைக் குறிப்பில் ஏறிவிடும். வெளியே பத்திரிகைக்கு ஆயிரம் தடை. ஆனால் நாடாளுமன்றத்தில் பேசியதைப் பத்திரிகை அச்சிடலாம். போலீஸ் நிலையத்தின் பூட்டிய கதவுக்குப் பின்னால் நடந்தது, அந்த அம்மா கேட்ட ஒரு கேள்வியால் காலைக் காபியோடு வீட்டுக்குள் வந்துவிடும்.

சில நேரம் பதிலே வராது. "இதை வெளியிடுவது பொதுநலனுக்கு உகந்ததல்ல" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுவார்கள். நம் வீட்டில் நடக்குமா? "சம்பளத்தில் ஐந்நூறு ரூபாய் குறையுதே, எங்கே?" என்று மனைவி கேட்கிறாள். "பொதுநலன் கருதிச் சொல்ல இயலாது" என்று சொல்லிப் பாருங்க. அன்றைக்கு ராத்திரி சோறு கிடைக்குமா? (கைதட்டல்) குடும்பத்தில் செல்லாத பதில் அரசாங்கத்தில் மட்டும் எப்படிங்க செல்லும்?

ஒரு நாள் அமைச்சர் ஒருவருக்குக் கோபம் வந்துவிட்டது. நீங்கள் கேட்கிற கேள்விகளால் வெளிநாட்டில் நம் நாட்டுக்கு அவமானம் என்றார். அந்த அம்மா அமைதியாகச் சொன்னார்: நாட்டுக்கு அவமானம் என் கேள்விகளால் அல்ல, உங்கள் பதில்களால். இதற்குமேல் ஒரு பட்டிமன்றம் வேண்டுமா?

1967-இல் அவர் ராபன் தீவுச் சிறைக்குப் போனார். நெல்சன் மண்டேலாவை நேரில் கண்டு குறை கேட்டார். அங்கே ஒரு காவலர், கையில் நாஜிகளின் ஸ்வஸ்திகாவைப் பச்சை குத்திக்கொண்டு, கைதிகளைப் படாதபாடு படுத்திக்கொண்டிருந்தார். அந்த அம்மா விஷயத்தைக் கையில் எடுத்தார். சில காலத்துக்குள் அந்தக் காவலர் தீவை விட்டே போய்விட்டார். எந்தச் சட்டம் மாறியது? ஒன்றும் மாறவில்லை. ஒருத்தி கேட்பாள் என்ற பயம் மட்டும்தான் வந்தது.

இப்போது 1977-க்கு வாங்க. ஜிம்மி க்ரூகர் என்பவர் அமைச்சர். நீதி, போலீஸ், சிறை மூன்றும் அவர் கையில். அடிப்பவரும் அவர் ஆள், பூட்டுபவரும் அவர் ஆள், நியாயத்துக்கும் அவரிடமே போகணும்! அந்த ஆகஸ்டில் ஸ்டீவ் பீக்கோ என்ற கறுப்பின இளைஞர் தலைவரைப் பிடித்தார்கள். வயது 30. விசாரணையில் தலையில் பலத்த காயம். நிர்வாணமாக ஒரு வண்டியின் பின்புறத்தில் போட்டு, ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் கொண்டு போனார்கள். செப்டம்பர் 12-ஆம் தேதி இறந்துபோனார்.

அமைச்சர் என்ன சொன்னார்? அவர் சாப்பிட மறுத்தார், உண்ணாவிரதம் என்கிற மாதிரி சொன்னார். இரண்டு நாள் கழித்துத் தம் கட்சி மாநாட்டில், அந்தச் சாவு தம்மை ஒன்றும் செய்யவில்லை என்றார். உண்ணாவிரதத்துக்கு அடையாளமே இல்லை என்று ராண்ட் டெய்லி மெயில் நாளிதழ் எழுதியது. பிரேதப் பரிசோதனையோ மூளைக் காயத்தைச் சொன்னது.

நமக்குக் கண்ணகி கதை தெரியும். கணவனைக் கொன்றது ஏன் என்று ஒரு பெண் கேட்டாள். தவறு என்று தெரிந்த மாத்திரத்தில் பாண்டியன் உயிரை விட்டான். இங்கே? அமைச்சருக்கு ஒன்றும் ஆகவில்லையாம்!

பீக்கோவின் சாவு பற்றிய விசாரணையில், குடும்பத்துக்காக சிட்னி கென்ட்ரிட்ஜ் என்ற வழக்கறிஞர் எழுந்தார். ஒரு மனிதனை 48 மணி நேரம் சங்கிலியில் கட்டிவைக்க எந்தச் சட்டம் அதிகாரம் கொடுத்தது என்று கேட்டார். போலீஸ் கர்னல் பதில் சொன்னார்: நாங்கள் சட்டத்தின் கீழ் வேலை செய்வதில்லை. எதிரணி நண்பர்களே, உங்கள் வேலி தன் வாயாலேயே ஒப்புக்கொண்டுவிட்டது! அதை ஒப்புக்கொள்ள வைத்தது எது? ஒரு கேள்வி.

"கேள்வி கேட்டு என்ன ஆச்சு? பீக்கோ பிழைத்தாரா?" என்று நீங்கள் கேட்பது என் காதில் விழுகிறது. இல்லை, பிழைக்கவில்லை. யார் மீதும் குற்றமில்லை என்று விசாரணையை முடித்துவிட்டார்கள். அதை நான் மறைக்கவில்லை. கேள்விக்கு உடனே பலன் கிடைக்கும் என்று நான் சொல்லவே மாட்டேன். ஆனால் கேள்விக்குச் சாவு கிடையாது. 20 ஆண்டு கழித்து, 1997-இல், அதே போலீஸ்காரர்கள் உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையத்தின் முன் மன்னிப்புக் கேட்டு வந்து நின்றார்கள். 1999-இல் மன்னிப்பு மறுக்கப்பட்டது. 2025-இல் அந்தச் சாவு பற்றிய விசாரணையே மறுபடியும் திறக்கப்பட்டது. 48 ஆண்டுகள் ஆன பிறகும் அந்தக் கேள்வி உயிரோடு இருக்கிறது.

கடைசியாக ஒன்று. 1996 டிசம்பர் 10. தென்னாப்பிரிக்காவின் புதிய அரசியல் சட்டத்தில் மண்டேலா கையெழுத்துப் போடுகிறார். அப்போது பக்கத்தில் இருந்தவர் ஹெலன் சுஸ்மான். அந்தச் சட்டம் சொல்கிறது: கைது செய்யப்பட்டவரை 48 மணி நேரத்துக்குள் நீதிமன்றத்தில் நிறுத்த வேண்டும். அமைச்சர்கள் நாடாளுமன்றத்துக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவர்கள். சங்கிலியில் கிடந்த அதே 48 மணி நேரம், இப்போது சட்டத்தில் காவலாக நிற்கிறது! நல்ல சட்டம் வேண்டாம் என்று யார் சொன்னது? வேண்டும். ஆனால் அந்தப் பிள்ளையைப் பெற்ற தாய் யார்? கேள்விதான்.

தாய்மார்களே, நாளைக் காலையில் உங்கள் பிள்ளை "ஏம்மா? எதுக்குப்பா?" என்று நச்சரித்தால், வாயை மூடு என்று சொல்லாதீங்க. வீட்டில் வாயை மூடப் பழகிய பிள்ளை நாளைக்கு நாட்டில் வாயைத் திறக்காது. எனவே மக்களைக் காப்பது கேள்வியே, கேள்வியே என்று தீர்ப்பு வழங்குமாறு நடுவர் அவர்களைப் பணிவோடு கேட்டு அமர்கிறேன்.