ரந்தெனிவெலயில் நனைந்த துவக்குகள்

வெல்லவாயவுக்குப் பஸ்ஸில் போய்வரும் நம்மில் பலருக்கு, அதன் அருகே ரந்தெனிவெலயில் 1630 ஆகஸ்டில் ஒரு போர்த்துக்கேயப் படை அழிந்த கதை தெரியாது.

அந்தப் படையை நடத்திய தேசாதிபதி கொன்ஸ்தந்தீனு த சாவின் காலத்தில்தான், 1626இல், நம் முன்னோர் போர்த்துக்கேயரின் ஆட்சிப் பகுதியிலிருந்து விரட்டப்பட்டார்கள். கண்டி மன்னர் செனரத் அவர்களுக்கு இடம் கொடுத்தார். பலரை மட்டக்களப்புப் பகுதியில் குடியேற்றினார். நான்கு வருடத்தில் த சா ஊவாவுக்குள் புகுந்து பதுளையை எரித்தார். திரும்பும் வழியில் மன்னரின் மகன், பிற்காலத்து இரண்டாம் இராஜசிங்கன், படையோடு மறித்தார்.

அக்காலத் துவக்கில் விசையை இழுத்தால் எரியும் திரி மருந்தைத் தொடும், அப்போதுதான் வெடிக்கும். கொட்டிய மழையில் திரியும் மருந்தும் நனைந்தன. கண்டியரிடமும் துவக்கு இருந்தது. ஆனால் அம்புக்கும் ஈட்டிக்கும் மழை ஒரு பொருட்டல்ல. த சாவின் படையில் பெரும்பகுதி உள்ளூர் லஸ்கரின்கள். அவர்களும் மன்னர் பக்கம் மாறினார்கள். த சா களத்திலேயே மாண்டார்.

மழை மட்டும் அவரைத் தோற்கடிக்கவில்லை. கூட நடந்தவர்களே அவரோடு நிற்கவில்லை. இதைப் பிள்ளைகளுக்குச் சொல்லும்போது, நமக்கு இடம் தந்த மன்னரின் பெயரையும் சேர்த்தே சொல்வோம்.