கம்பளிக்குள் எப்படி நுழைவது?

வாணியம்பாடியில் ரயிலை விட்டு இறங்கி, ஆலங்காயம் பஸ் பிடித்து, அங்கிருந்து மலைப்பக்கம் போனால் காவலூர் வரும். ஜவ்வாது மலையில் சுமார் 725 மீட்டர் உயரத்தில் இருக்கும் சின்ன ஊர். 1988 பிப்ரவரியில் அங்குள்ள வைணு பாப்பு வானாய்வகத்தின் 45 சென்டிமீட்டர் ஷ்மிட் தொலைநோக்கியில் ஒரு சிறுகோள் சிக்கியது. ஆர். ராஜமோகனும் அவருடைய குழுவினரும் கண்டுபிடித்தார்கள். அதன் எண் 4130, பெயர் ராமானுஜன்.

ஆய்வகத்துக்கு ஒருவர் பெயர், அது கண்டுபிடித்த கல்லுக்கு இன்னொருவர் பெயர். இரண்டு பேருமே இருபதுகளில் கடல் கடந்து போனவர்கள். வைணு பாப்பு அமெரிக்கா போய்ப் படித்து, திரும்பி வந்து காவலூரை உருவாக்கினார். ராமானுஜன் இங்கிலாந்து போய், ஐந்து வருஷத்தில் நோயாளியாகத் திரும்பி, அடுத்த வருஷமே இறந்துபோனார். இந்த வித்தியாசத்துக்கு நாம் வழக்கமாகச் சொல்லும் காரணங்கள் போர், குளிர், சைவச் சாப்பாடு, நோய். எல்லாம் சரிதான். எனக்கு வேறொரு கேள்வி இருக்கிறது. போன இடத்தில் இவர்களை யார், எப்படி வைத்துக்கொண்டார்கள்?

இதை யோசிக்க ஐ.டி. வேலைதான் காரணம். ஆன்சைட் போகிற யாரைக் கேட்டாலும் முதல் வாரக் கதை ஒன்று வைத்திருப்பார்கள். தாளித்தால் ஸ்மோக் அலாரம் அலறும் என்று யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். குழாயை எந்தப் பக்கம் திருப்பினால் வெந்நீர் வரும் என்று தெரியாமல் பச்சைத் தண்ணியில் குளித்திருப்பார்கள். கம்பெனி கொடுக்கிற நாற்பது பக்க ஆவணத்தில் வரி, இன்சூரன்ஸ் எல்லாம் இருக்கும், இது மட்டும் இருக்காது. எழுதியவருக்கு அது ஒரு விஷயமாகவே தோன்றியிருக்காது.

ராமானுஜனுக்கு வருவோம். 1914 மார்ச் 17 அன்று சென்னையில் எஸ்.எஸ். நெவாஸா கப்பல் ஏறினார். சென்னைப் பல்கலைக்கழகம் வருஷத்துக்கு 250 பவுண்டு உதவித்தொகை கொடுத்தது. குடுமி போய் கிராப்பு வந்தது, வேட்டி போய் கோட்டு வந்தது. ஏப்ரல் 14-ல் லண்டனில் இறங்கியபோது காரோடு காத்திருந்தவர் எரிக் நெவில். அந்த ஜனவரியில் சென்னைக்குச் சொற்பொழிவாற்ற வந்து, ராமானுஜனைப் பார்த்துப் பேசி, இங்கிலாந்து வரச் சம்மதிக்கவைத்தவர் அவர்தான். அவருக்கு அப்போது வயசு 25. விருந்தாளியைவிட ஒரு வயசு சின்னவர்.

முதல் சில நாள் லண்டன் க்ராம்வெல் சாலையில், புதிதாக வரும் இந்திய மாணவர்களுக்கென்றே இருந்த ஒரு கட்டடத்தில் தங்கினார்கள். பிறகு நெவில் அவரை கேம்பிரிட்ஜில் தன் சொந்த வீட்டுக்கே கூட்டிப்போனார். அங்கே நெவிலின் மனைவி ஆலிஸும் இருந்தார். பூட்ஸ் ராமானுஜன் காலைக் கடித்தது, வீட்டுக்குள் செருப்போடு நடந்தார். அதெல்லாம் அந்த வீட்டில் யாருக்கும் குறையாகப் படவில்லை. ஒரே கூரையின் கீழ் இருந்ததால், அவருக்கு எது கஷ்டம் என்பது கேட்காமலே தெரிந்தது.

அது இரண்டு மாசத்துக்கும் குறைவாகத்தான் நீடித்தது. ஜூன் தொடக்கத்தில் டிரினிட்டி கல்லூரியின் ஹ்யூவெல்ஸ் கோர்ட்டில் அறை கிடைத்து மாறிவிட்டார். ஹார்டியைப் பார்க்க அதுதான் வசதி. ஆகஸ்டில் முதல் உலகப் போர் தொடங்கிவிட்டது.

அந்தக் குளிரில்தான் கம்பளிக் கதை நடந்தது. பி.சி. மகலனோபிஸ் அப்போது கிங்ஸ் கல்லூரி மாணவர். பின்னாளில் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தைத் தொடங்கியவர். ராமானுஜனைப் பார்க்கப் போனபோது, ராத்திரியில் குளிர் தாங்குகிறதா என்று கேட்டார். தாங்கவில்லை, ஓவர்கோட்டைப் போட்டுக்கொண்டு சால்வையைச் சுற்றிக்கொண்டுதான் படுக்கிறேன் என்றார் ராமானுஜன். கம்பளி போதவில்லையோ என்று மகலனோபிஸ் படுக்கையறைக்குள் போய்ப் பார்த்தார். கம்பளிகள் நிறையவே இருந்தன. மெத்தைக்கு அடியில் இறுக்கிச் செருகி, மேலே விரிப்பு போட்டு அழகாக மூடியிருந்தது. விரிப்பை இழுத்துவிட்டு உள்ளே நுழைந்து படுக்க வேண்டும் என்று ராமானுஜனுக்குத் தெரியாது. எல்லாவற்றுக்கும் மேலே படுத்து நடுங்கிக்கொண்டிருந்திருக்கிறார். மகலனோபிஸ் எப்படி உள்ளே நுழைவது என்று காட்டிக்கொடுத்தார்.

இதைப் பெரும்பாலும் மேதையின் வெகுளித்தனத்துக்கு உதாரணமாகச் சொல்லிச் சிரிப்பார்கள். எனக்கு இது கல்லூரியைப் பற்றிய கதையாகத்தான் படுகிறது. டிரினிட்டி கம்பளி கொடுத்துவிட்டது, கணக்கில் எழுதியாகிவிட்டது. பாயில் படுத்துப் போர்வையைப் போர்த்தி வளர்ந்தவனுக்கு அந்தக் கட்டில் ஒரு பூட்டிய பெட்டி என்பது அங்கே யாருக்கும் தோன்றவில்லை. அதைக் கண்டுபிடிக்க இன்னொரு இந்தியர் வந்து, கேட்டு, எழுந்து போய்ப் பார்க்க வேண்டியிருந்தது. மூன்றாவது செயல்தான் முக்கியம். கேட்டதோடு நின்றிருந்தால் இன்னும் இரண்டு கம்பளி வாங்கிக் கொடுத்திருப்பார்.

சாப்பாட்டிலும் இதேதான். கல்லூரிச் சமையலில் பன்றிக்கொழுப்பு கலந்திருக்குமோ என்ற பயத்தில் ராமானுஜன் அறையிலேயே சமைத்துக்கொண்டார். அதனால் மற்றவர்களோடு உட்கார்ந்து சாப்பிடுவது நின்றுபோனது. கணக்கு போடுகிற மும்முரத்தில் வேளை தவறியது. ஊரிலிருந்து மனைவி ஜானகியின் கடிதங்கள் ஒழுங்காக வரவில்லை. 1917-ல் உடம்பு விழுந்து, ஒரு மருத்துவமனை விட்டு இன்னொன்று என்று அலைந்தார். 1918-ன் தொடக்கத்தில் லண்டன் பாதாள ரயிலின் முன் விழுந்தார். ரயில் சில அடி தூரத்தில் நின்றது. காவல்துறையிடமிருந்து அவரை மீட்டவர் ஹார்டி.

ஹார்டியைக் குற்றவாளி ஆக்குவது சுலபம், ஆனால் நியாயமில்லை. ராயல் சொசைட்டியும் டிரினிட்டி ஃபெலோஷிப்பும் 1918-ல் ராமானுஜனுக்குக் கிடைத்ததில் ஹார்டியின் உழைப்பு பெரிது. அன்று காசநோய் என்று சிகிச்சை செய்தார்கள். 1994-ல் டி.ஏ.பி. யங் என்பவர், அது இந்தியாவிலிருந்தே கூட வந்த அமீபாவால் கல்லீரல் கெட்டதாக இருக்கலாம் என்று வாதிட்டார். அது சரியென்றால் நல்ல சாப்பாடு மட்டும் அவரைக் காப்பாற்றியிருக்காது. உயிர் பிழைப்பது ஒரு விஷயம், அந்த ஐந்து வருஷத்தை எப்படி வாழ்ந்தார் என்பது வேறு. ராமானுஜன் தினமும் அரை டஜன் புதுத் தேற்றங்களோடு வந்து நிற்கும்போது, பழையதை எப்படிக் கண்டுபிடித்தாய் என்று கேட்டுத் தொந்தரவு செய்வது அபத்தமாகத் தோன்றியது என்று ஹார்டியே எழுதியிருக்கிறார். தேற்றத்தைப் பற்றியே கேட்காதவர் ராத்திரி எப்படித் தூங்கினாய் என்று எங்கே கேட்டிருப்பார்?

1920 ஏப்ரல் 26 அன்று, 32 வயதில், சென்னைச் சேத்துப்பட்டில் ராமானுஜன் இறந்தார். பேப்பரில் வந்த அந்தச் செய்தியை ஒரு அம்மா தன் பையனிடம் சொன்னார். பத்து வயசுகூட ஆகாத அந்தப் பையன்தான் எஸ். சந்திரசேகர். அவர் அதை வாழ்நாள் முழுக்க மறக்கவில்லை.

சந்திராவும் கேம்பிரிட்ஜ் போனார். பிறகு 1936 கடைசியில், கல்யாணமான சில மாதங்களில், லலிதாவோடு அமெரிக்கா. விஸ்கான்சின் மாநிலத்தில், ஏரிக்கரையில், பனி கொட்டும் வில்லியம்ஸ் பே என்ற குட்டி ஊரில் யெர்க்ஸ் வானாய்வகம். அவரை அழைத்த ஓட்டோ ஸ்ட்ரூவ ரஷ்யாவிலிருந்து அகதியாக வந்தவர். சந்திராவின் நிறத்தைக் காரணம் காட்டி, சிகாகோ வளாகத்தில் அவர் பாடம் நடத்தக்கூடாது என்று ஒரு டீன் தடுத்தபோது, பல்கலைக்கழகத் தலைவர் ராபர்ட் ஹட்சின்ஸ் தலையிட்டு நடத்தவைத்தார். இதுவும் விருந்தோம்பல்தான். வந்தவனை உட்காரவைத்தால் போதாது, எழுந்திரு என்று சொல்பவனிடம் வீட்டுக்காரன் பேச வேண்டும்.

பத்து வருஷம் கழித்து சந்திராவே வீட்டுக்காரர் ஆனார். யெர்க்ஸிலிருந்து சிகாகோவுக்கு ஏறக்குறைய 80 மைல். குளிர்காலத்தில் அவ்வளவு தூரம் கார் ஓட்டிப்போய் இரண்டே மாணவர்களுக்குப் பாடம் எடுத்தார் என்ற கதை பலருக்குத் தெரிந்திருக்கும். அந்த இரண்டு பேர் சீனாவிலிருந்து வந்த யாங்கும் லீயும். 1957-ல் இருவருக்கும் நோபல் கிடைத்தது. சந்திராவுக்கு 1983-ல்தான். நோபலை விடுங்கள். அந்நிய ஊரில் புதுசாக வந்த இரண்டு பையன்களுக்கு, பனியில் ஒருவர் கார் ஓட்டிக்கொண்டு வருகிறார் என்பதே என்ன சொல்லியிருக்கும் என்று யோசிக்கிறேன்.

வைணு பாப்பு 1949-ல் ஹார்வர்டு போனார். ஜூலை 2-ம் தேதி, இன்னும் 22 முடியாத வயசில், ஒரு புகைப்படத் தட்டில் வால்நட்சத்திரம் ஒன்றைக் கண்டார். அது உறுதியாகக் கூட நின்றவர்கள் ஆசிரியர் பார்ட் பாக்கும் சக மாணவர் கார்டன் நியூகர்க்கும். வால்நட்சத்திரத்தின் பெயரே பாப்பு-பாக்-நியூகர்க். வந்து சில மாசமே ஆன பையனின் பெயர் முதலில் இருக்கிறது. இந்த பார்ட் பாக்கும் இருபது வருஷம் முன்னால் நெதர்லாந்திலிருந்து அமெரிக்காவுக்கு வந்து இறங்கியவர்தான்.

ஸ்ட்ரூவ, பாக், சந்திரா மூவருமே வந்து தங்கியவர்கள். எது தெரியாமல் முழித்தோம் என்பது அவர்களுக்கு ஞாபகம் இருந்திருக்கும். பழந்தமிழில் விருந்து என்றால் புதுமை என்று பொருள், வருகிற ஆள் அப்புறம்தான். நமக்குப் பழகிப்போனதெல்லாம் வந்தவனுக்குப் புதுசு என்று தெரிந்துவைத்திருப்பதுதான் விருந்தோம்பல் என்று அந்தச் சொல்லை வாசிக்கலாம். அதற்கு வெளிநாட்டு அனுபவம் கட்டாயமில்லை. நெவிலுக்கு வீட்டுக் கதவைத் திறந்ததே போதுமானதாக இருந்தது.

பாப்பு 1953-ல் இந்தியா திரும்பினார். 1960-ல் கொடைக்கானல் ஆய்வகத்துக்கு இயக்குநராகி, பிறகு காவலூரைத் தேர்ந்தெடுத்தார். 1968-ல் அங்கே முதல் தொலைநோக்கி 38 சென்டிமீட்டர், 1972-ல் அடுத்தது ஒரு மீட்டர். 1982-ல் மூனிக்கில் இறந்தார். அவர் கனவு கண்ட 2.34 மீட்டர் தொலைநோக்கி 1986 ஜனவரியில் திறக்கப்பட்டது, ஆய்வகத்துக்கு அவர் பெயரும் வைத்தார்கள். வானியல் படிக்கிற நம்ம ஊர்ப் பிள்ளைகள் பெரிய கண்ணாடி வழியாகப் பார்க்க இனிக் கப்பலேற வேண்டியதில்லை, ஆலங்காயம் பஸ் ஏறினால் போதும்.

மேலே போகிற முதல்நாள் ராத்திரி, மலைக்குளிரில், அவர்களுக்கும் யாராவது கம்பளியைக் காட்ட வேண்டியிருக்கும்.