மஞ்சள் கடுதாசியின் மறுபாதி

கடன் தாங்காமல் ஒருவர் நீதிமன்றம் போய்விட்டால் ‘மஞ்சள் கடுதாசி கொடுத்துவிட்டார்’ என்று ஊர் பேசும். வக்கீல் வட்டாரத்தில் ‘ஐ.பி. (திவால் மனு) போட்டுவிட்டார்’ என்பார்கள். இரண்டிலும் கொஞ்சம் ஏளனம் உண்டு, ஒரு தப்புக் கணக்கும் உண்டு: மனு கொடுத்ததோடு கடன் ஒழிந்தது என்ற நினைப்பு. கடன் கொடுத்தவர் வயிறெரிவதும், கடன்பட்டவர் பின்னால் ஏமாந்து நிற்பதும் இந்த நினைப்பால்தான். சட்டம் வந்த வழியைப் பார்த்தால், மனு பாதிக் கிணறு மட்டுமே.

திவால் சட்டம் சிறை வாசலில் பிறந்தது. கடன் பாக்கிக்காக ஆளைப் பிடித்து அடைப்பது அன்றைய வழக்கம். கல்கத்தா, சென்னை, பம்பாய் நகரங்களுக்காக 1828-லும் 1848-லும் இங்கிலாந்துப் பாராளுமன்றம் இயற்றிய சட்டங்கள் அமைத்த நீதிமன்றங்களுக்குப் பெயரே ‘திவாலான கடனாளிகளுக்கு நிவாரணம் தரும் நீதிமன்றம்’. வெளியூர்களுக்கான தனிச் சட்டம் 1907-இல்தான் வந்தது. 1909-இல் அந்த மூன்று மாநகரங்களுக்குப் புதுச் சட்டம். 1907-ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தை 1920-ஆம் ஆண்டுச் சட்டம் பிடித்தது. 1908-ஆம் ஆண்டு உரிமையியல் நடைமுறைச் சட்டமும் சிவில் ஜெயிலைக் கைவிடவில்லை. பெண்களுக்கு மட்டும் விலக்கு அளித்தது. அடைபட்டவரின் சாப்பாட்டுக்கான படியை அடைக்கச் சொன்னவரே கட்ட வேண்டும் என்றது. (கொடுத்த கடனுக்கு மேல் சோற்றுக்கும் செலவு!)

நிவாரணம் இலவசமல்ல. 1920-ஆம் ஆண்டுச் சட்டப்படி 500 ரூபாய்க் கடன் இருந்தாலே மனு போடலாம். திவாலானவர் என்று தீர்ப்பானதும் சொத்து முழுவதும் நீதிமன்றத்தின் அல்லது அது நியமிக்கும் ரிசீவரின் கைக்குப் போகிறது. கடனிலிருந்து விடுவிப்பு உத்தரவு கிடைப்பதற்குள் பாட்டன் சொத்து வந்து சேர்ந்தால் அதுவும் அங்கேதான் போகும். அடமானம் பிடித்தவரின் உரிமையோ அப்படியே நிற்கும். விடுவிக்கப்படாதவர் தன் நிலையைச் சொல்லாமல் 50 ரூபாய் கடன் வாங்கினாலும் குற்றம். ஆறு மாதம் வரை சிறை. எல்லாவற்றையும் விட முக்கியமானது, விடுவிப்புக்கு மனுச் செய்ய நீதிமன்றம் குறிக்கும் கெடு. அதைத் தவறவிட்டால் திவால் தீர்ப்பே ரத்தாகும். கடன் கொடுத்தவர்கள் மறுபடி வாசலில் நிற்பார்கள். மஞ்சள் கடுதாசியை முடிவென்று நம்பியவர் சறுக்கும் இடம் இதுதான். விடுவிப்பு கிடைத்தாலும் அரசுக்குச் செலுத்த வேண்டிய பாக்கியும் மோசடியால் வந்த கடனும் கரையாது.

சொத்தையெல்லாம் மைத்துனர் பேருக்கு எழுதிவைத்துவிட்டு ஐ.பி. போடுகிறவர்கள் இல்லையா என்று கேட்கலாம். உண்டு. அதற்காகத்தான் மனுவுக்கு முந்தைய இரண்டு ஆண்டுகளுக்குள் நேர்மையான விலையின்றிச் செய்த கைமாற்றங்களை ரத்துசெய்ய அந்தச் சட்டத்திலேயே வழி இருக்கிறது. திவால் என்பது குற்றத்துக்குக் கவசமும் அல்ல. 1906 அக்டோபரில் சென்னையில் அர்பத்நாட் கம்பெனி கவிழ்ந்து, பணம் போட்டவர்கள் தெருவுக்கு வந்தார்கள். அதன் பங்குதாரர் சர் ஜார்ஜ் அர்பத்நாட் 18 மாதக் கடுங்காவல் பெற்றார். எல்லாவற்றையும் பறித்துவிட்டால் ஏழைக்கு என்ன மிச்சம் என்பது எதிர்த்திசைக் கேள்வி. சமையல் பாத்திரம், பாய் படுக்கை, தொழிலாளியின் கருவி, உழவரின் மாடு, விதைநெல், தாலி ஆகியவற்றை ஜப்தி செய்ய முடியாது. திவாலிலும் அவை அவரிடமே இருக்கும். பிழைப்பதற்கு வேண்டியதை விட்டுவிட்டு மற்றதைப் பங்கிடுவது என்பதே பேரம். அதை ஏமாற்று என்று சொல்வது நியாயமில்லை.

2016-இல் வந்த திவால் சட்டம் இந்தப் பழைய சட்டங்களை நீக்குவதாகச் சொன்னது. ஆனால் அதில் தனிமனிதர்களுக்கான பகுதி 2019 டிசம்பர் 1 முதல், கம்பெனிக் கடனுக்கு ஜாமீன் நின்றவர்களுக்கு மட்டுமே நடைமுறைக்கு வந்தது. மற்றவர்களுக்குப் பழைய சட்டமே. ஆகவே மனுவில் கையெழுத்துப் போடுமுன் வக்கீலிடம் முதலில் கேளுங்கள்: விடுவிப்புக்கு மனுச் செய்ய எனக்கு எத்தனை நாள் கெடு?