விருந்தாளியை மட்டும் கொல்லும் செடி

ஆடு மேய்ந்தால் சில மணி நேரத்தில் சாவு. அதே செடியை உள்ளூர்க் கங்காரு மேய்ந்தால்... ஒரு ஏப்பம், அவ்வளவுதான்!

மேற்கு ஆஸ்திரேலியாவின் தென்மேற்கு மூலையில் இப்படிப்பட்ட செடிகள் ஒன்றல்ல, சுமார் 40 வகை இருக்கின்றன. காஸ்ட்ரோலோபியம் என்பது தாவரவியல் பெயர். நம்ம அவரைக்காயின் குடும்பம்தான். மஞ்சளும் சிவப்புமாக அழகாகப் பூக்கும். பார்த்தால் விஷம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

1829-ல் ஸ்வான் நதிக்கரையில் வந்து இறங்கிய பிரிட்டிஷ்காரர்களும் சொல்லவில்லை. இன்றைய பெர்த் நகரம் பிறந்தது அப்போதுதான். கையோடு ஆடு, மாடு, குதிரை எல்லாவற்றையும் கப்பலேற்றிக் கொண்டுவந்திருந்தார்கள். மேய்ச்சல் நிலம் தேடி, மலையைத் தாண்டிக் கிழக்கே யார்க் பகுதிக்கு மந்தைகளை ஓட்டிக்கொண்டு போனார்கள். வழியில் பச்சைப்பசேலென்று புதர்கள். பசியோடு வந்த ஆடுகள் சும்மா விடுமா? வயிறாரத் தின்றன. கொஞ்ச நேரத்தில் ஒரு ஆடு நடுங்கும். கால் வெட்டி இழுக்கும். பொத்தென்று விழும். பின்னால் இன்னொன்று... அப்புறம் இன்னொன்று! ஆட்டை நம்பிக் கடல் கடந்து வந்தவர்களுக்கு முதலுக்கே மோசம்.

குற்றவாளியைப் பிடித்தவர்களில் முக்கியமானவர் ஜேம்ஸ் டிரம்மண்ட். ஸ்காட்லாந்துக்காரர், செடி கொடிகளில் பைத்தியம். 1840 வாக்கில் சந்தேகப்பட்ட செடியைக் கால்நடைகளுக்குக் கொடுத்துப் பார்த்து உறுதி செய்தார்கள். அந்தச் செடிக்கு ‘யார்க் ரோடு விஷம்’ என்ற பெயரே நிலைத்துவிட்டது.

இதில் இன்னொரு வேடிக்கையும் இருந்தது. உள்ளூர்ப் புறாக்கள் இந்தச் செடியின் விதையைக் கொத்தித் தின்றுவிட்டு ஜம்மென்று பறந்தன. ஆனால், அந்தப் புறாவின் குடலைத் தின்ற வேட்டை நாய் செத்துப்போனது!

குடியேறிகள் செடியின் மீது போர் தொடுத்தார்கள். 19-ம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அரசாங்கம், ‘விஷக் குத்தகை’ என்றே ஒரு ஏற்பாடு செய்தது. நிலத்தை மலிவாக எடுத்துக்கொள்ளலாம். வேலி போட்டு விஷச்செடியை வேரோடு ஒழிக்க வேண்டும். கூலிக்கு ஆள் வைத்துத் தோண்டித் தோண்டி எடுத்தார்கள். பின்னாளில் அங்கே கோதுமை வயல்கள் விரிந்தன.

சரி, அந்த விஷம்தான் என்ன?

விடை முதலில் கிடைத்தது தென்னாப்பிரிக்காவில். அங்கே மாடுகளைக் கொன்றுகொண்டிருந்த ‘கிஃப்பிளார்’ என்ற செடியிலிருந்து 1940-களில் மராய்ஸ் என்ற விஞ்ஞானி அதைப் பிரித்தெடுத்தார். ஃப்ளூரோஅசிட்டேட்! மேற்கு ஆஸ்திரேலியச் செடிகளிலும் இதுவேதான் என்று 1960-களில் தெரிந்தது. வினிகரில் இருக்கிறதே அசிட்டிக் அமிலம், அதற்கு நெருங்கிய பங்காளி. உடம்பு ஏமாந்துவிடுகிறது. வழக்கமான சரக்கு என்று நினைத்து உள்ளே அனுப்ப, செல்லுக்குள் அது ஃப்ளூரோசிட்ரேட் என்ற வேறொரு பொருளாக மாறி, சக்தி தயாரிக்கும் இயந்திரத்தையே நிறுத்திவிடுகிறது. செடி தருவது பாதி விஷம். மீதியைத் தின்றவன் உடம்பே தயாரித்துக்கொள்கிறது! 1950-களின் தொடக்கத்தில் இதை விளக்கிய ஆங்கிலேய விஞ்ஞானி ருடால்ஃப் பீட்டர்ஸ், ‘கொல்லும் தயாரிப்பு’ என்று இதற்குப் பெயர் வைத்தார். நம்பகமான மாற்று மருந்து இன்றும் கிடையாது.

எத்தனையோ ஆயிரம் ஆண்டுகள் இந்தச் செடியோடு வாழ்ந்த உள்ளூர் விலங்குகளுக்கு மட்டும் உடம்பு பழகிவிட்டது. ஒரு கிலோ எடைக்கு 0.1 மில்லிகிராம் போனாலே நாய் சாகும். மேற்கு ஆஸ்திரேலியாவின் போஸம் என்ற மரவிலங்குக்கோ 100 மில்லிகிராமுக்கு மேல் வேண்டும். ஆயிரம் மடங்கு! அதே போஸம், அதே ஆஸ்திரேலியாவின் தென்கிழக்கில் பிறந்திருந்தால்? அங்கே இந்தச் செடி இல்லை. 1 மில்லிகிராமுக்குக் குறைவாகவே போதும், கதை முடிந்துவிடும்.

இங்கேதான் வரலாறு ஒரு குட்டிக்கரணம் போட்டது.

வேட்டை விளையாட்டுக்காக ஐரோப்பியர்கள் கொண்டுவந்த செந்நரி, 20-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மேற்கு ஆஸ்திரேலியாவையும் எட்டியது. நரியைப் பார்த்தே அறியாத சின்னச் சின்ன விலங்குகள் மளமளவென்று மறைந்தன. முயல் அளவே உள்ள கங்காருவின் சொந்தக்காரரான வாய்லி, 1970-களில் அந்த மாநிலத்தில் டிரையாண்ட்ரா, பெரப், டுட்டானிங் என்ற மூன்றே காடுகளில் மிஞ்சியிருந்தது. மூன்றும் விஷச்செடி மண்டிய காடுகள்! ஒழிக்கப்படாமல் தப்பிய செடிதான் அவற்றுக்கு நிழல் கொடுத்தது என்று விஞ்ஞானிகள் யோசிக்க ஆரம்பித்தார்கள்.

அதே விஷத்தைத் தொழிற்சாலையிலும் தயாரிக்கிறார்கள். ‘1080’ என்று பெயர். 1940-களில் அமெரிக்கச் சோதனைக்கூடத்தில் அதற்கு விழுந்த வரிசை எண் அது. முள்ளை முள்ளால் எடுப்பது போல, அதை இறைச்சித் துண்டில் ஏற்றிக் காட்டில் போட்டார்கள். நரி தின்றால் சாகும். உள்ளூர் விலங்கு தப்பிக்கும். 1980-களில் பாறைகளில் வாழும் சின்ன வல்லபிகளை வைத்துச் சோதித்தபோது, நரியைக் கட்டுப்படுத்திய இடங்களில் அவை பெருகின. 1996-ல் ‘மேற்குக் கேடயம்’ என்ற பெரும் திட்டம் தொடங்கியது. விமானத்திலிருந்து தூவினார்கள். அதே ஆண்டு அழிவு அபாயப் பட்டியலிலிருந்து வாய்லியின் பெயர் நீக்கப்பட்டது.

சுபம் போட்டுவிடலாமா? முடியாது. 1999-க்கும் 2006-க்கும் இடையில் வாய்லிகள் சுமார் 90 சதவிகிதம் குறைந்துபோயின. நோயும் காரணமாக இருக்கலாம் என்கிறார்கள். ஆனால் பெரிய சந்தேகம், குடியேறிகளோடு வந்து காட்டுக்குள் ஓடிப்போன பூனை மீதுதான். உயிரோடு ஓடுவதைப் பிடித்துத் தின்னும் பூனை, காய்ந்த இறைச்சியை அவ்வளவாகச் சீண்டாது. கடைசியில் பூனைக்கென்றே தனி இரை தயாரித்தார்கள். கங்காரு இறைச்சியும் கோழிக் கொழுப்பும் கலந்த தொத்திறைச்சி, உள்ளே 1080.

இந்தச் சாவு சுலபமான சாவு இல்லை. வலிப்பு கண்டு துடித்துத்தான் சாகும். ‘நரிக்கும் பூனைக்கும் வலிக்காதா?’ என்று கேட்பவர்கள் அங்கேயும் இருக்கிறார்கள். ‘வாய்லிக்கு வலிக்கவில்லையா?’ என்று பதில் வருகிறது. இரண்டு கேள்வியுமே நியாயம்தான். நரியும் பூனையும் ஆடும் தாமாக அங்கே போகவில்லை, கப்பலில் ஏற்றிக்கொண்டு போனது மனிதன்.

இன்றும் அந்தக் காடுகளின் வாசலில் விஷ இரை பற்றிய எச்சரிக்கைப் பலகைகள் நிற்கின்றன. நாயோடு வாக்கிங் போகிறவர்களுக்கு!