மூன்று டக்கட் படுக்கை

இங்கிலாந்தின் ஈட்டன் கல்லூரியைச் சேர்ந்த வில்லியம் வே என்னும் பாதிரியார் 1458இலும் 1462இலும் வெனிஸ் வழியாக எருசலேம் சென்று மீண்டவர். தமக்குப் பின் வரும் யாத்திரிகருக்காக அவர் எழுதிவைத்த குறிப்புகளில் ஒரு படுக்கை இடம்பெறுகிறது. வெனிஸில் புனித மாற்கு ஆலயத்தின் அருகே, இறகு மெத்தை ஒன்று, சாதாரண மெத்தை ஒன்று, தலையணை இரண்டு, விரிப்பு இரண்டு ஜோடி, போர்வை ஒன்று எனச் சேர்த்து வாங்கிக்கொள்ளலாம். விலை மூன்று டக்கட். பயணம் முடிந்து திரும்பியதும் அதைக் கொண்டுபோய்க் கொடுத்தால், கிழிந்து நைந்திருந்தாலும் ஒன்றரை டக்கட் கைக்கு வந்துவிடும் என்கிறார் வே.

டக்கட் என்பது ஏறத்தாழ மூன்றரை கிராம் எடையுள்ள வெனிஸ் பொற்காசு. 1284ஆம் ஆண்டு முதல் அச்சிடப்பட்டது. நம்மவருக்குப் பவுன் கணக்கு எளிது என்பதால் அப்படியே சொல்லிவிடலாம். படுக்கையின் விலை ஒன்றேகால் பவுனுக்குச் சற்று மேல். கப்பலில் நல்ல தளத்தில் இடமும், போக வர உணவும் சேர்த்து வே குறிப்பிடும் கட்டணம் 40 டக்கட், அதாவது பதினேழரைப் பவுன். 1480இல் சென்ற மிலான் நகரத்துச் சாந்தோ பிராஸ்கா, யாத்திரிகன் இரண்டு பைகளைச் சுமந்து வரவேண்டும் என்று எழுதினார். ஒன்று நிறையப் பொறுமை. மற்றொன்றில் 200 டக்கட். இரண்டாவது பை நம் கணக்கில் எண்பத்தேழு பவுன்! முதல் பையின் எடையை அவர் சொல்லவில்லை.

நாம் இந்தப் பழைய ஏடுகளைப் புரட்ட நேர்ந்ததற்கு ஒரு சிறு காரணம் உண்டு. கல்லூரி ஆசிரியர் நால்வர் கோடை விடுமுறையில் இத்தாலி சென்று வரலாம் என்று திட்டமிட்டோம். ரோமுக்கும் ஃபிளாரன்ஸுக்கும் ஒருவாறு கணக்கு ஒத்துவந்தது. வெனிஸ் மட்டும் ஒத்துவரவில்லை. மூன்று இரவு தங்கும் செலவு, மற்ற இரு நகரங்களுக்கும் ஒதுக்கிய தொகையை விழுங்கியது. இந்நகரம் எப்போதுமே இப்படித்தானா என்று கேட்டுக்கொண்டு நூலகத்திற்குப் போனோம். வந்தவர்களைத் தங்கவைத்துப் பிழைப்பது வெனிஸுக்குப் புதிதன்று என்பது முதலில் தெரிந்தது. ஆனால் அன்றைக்கும் இன்றைக்கும் ஒரு முக்கியமான வேறுபாடு இருப்பதும் தெரிந்தது.

பதினான்காம், பதினைந்தாம் நூற்றாண்டுகளில் ஐரோப்பாவிலிருந்து புனித பூமிக்குச் செல்பவருக்கு வெனிஸே பெருவாயில். ஆண்டுதோறும் அங்கிருந்து யாத்திரிகர் கப்பல்கள் யாஃபா துறைமுகத்துக்குப் புறப்பட்டன. ஆல்ப்ஸ் மலையைக் கடந்து வசந்தத்தில் வந்து சேரும் யாத்திரிகன், கப்பல் நங்கூரம் எடுக்கும்வரை வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும். கப்பல் கட்டணத்தை ஒப்பந்தம் போட்டு முடித்துவிடலாம். காத்திருக்கும் நாட்களுக்கு ஒப்பந்தம் கிடையாது. மடிச்சீலை கரைவது அங்கேதான்.

யார் எங்கே தங்கினர் என்பதை அவரவர் நிலையே முடிவுசெய்தது. ஜெர்மன் வணிகர்களுக்கு ரியால்டோ பாலத்தருகே பதின்மூன்றாம் நூற்றாண்டு முதலே தனிக் கட்டடம் இருந்தது. ஃபோந்தாகோ தெய் தெதெஸ்கி என்பது அதன் பெயர். அது சலுகை மட்டுமன்று, கட்டாயமும்கூட. ஜெர்மன் வணிகன் வேறெங்கும் தங்கலாகாது; சரக்கும் ஆளும் அரசின் கண்முன் இருக்கவேண்டும். மேட்டுக்குடி யாத்திரிகருக்கு அறிமுகங்கள் உதவின. 1483இல் வந்த மைன்ஸ் நகரத்துப் பெர்ன்ஹார்ட் ஃபொன் பிரைடன்பாக், வெனிஸில் வாழ்ந்த ஃபிராங்பர்ட் வணிகர் ஒருவரின் வீட்டில் விருந்தினராக இருந்தார். அவருடன் வந்த ஓவியர் எர்ஹார்ட் ராய்விக் வரைந்த வெனிஸ் நகரக் காட்சி, மடிப்புகளாக விரியும் நீண்ட அச்சுப்படமாக 1486இல் நூலில் வெளிவந்தது. வாடகை இல்லாத வீட்டில் காத்திருந்தால் படம் வரையப் பொழுது கிடைக்கும் போலும்.

அதே ஆண்டு அதே நகரில் காத்திருந்தவர் ஊல்ம் நகரத்து டொமினிக்கன் துறவி ஃபீலிக்ஸ் ஃபாப்ரி. இவர் தங்கியது புனித ஜார்ஜ் விடுதி என்னும் ஜெர்மானியர் விடுதியில். உரிமையாளர் முதல் பணியாள்வரை அனைவரும் ஜெர்மன் பேசினர், இத்தாலியச் சொல் ஒன்றும் காதில் விழவில்லை என்று மகிழ்ந்து எழுதுகிறார். அங்கே ஒரு நாய் இருந்தது. ஜெர்மானியர் எந்தப் பகுதியிலிருந்து வந்தாலும் வாலை ஆட்டி வரவேற்கும். இத்தாலியரோ பிரெஞ்சுக்காரரோ கிரேக்கரோ வந்தால் குரைத்துப் பாயும். ஜெர்மன் பிச்சைக்காரரைக்கூட விட்டுவிடும். உள்ளூர் ஏழைகள் பிச்சை கேட்டு வாசலுக்கு வந்தால் துரத்தும். அந்த நாயிடமிருந்து ஏழை இத்தாலியரைத் தாமே பலமுறை காப்பாற்றியதாகச் சொல்கிறார் ஃபாப்ரி. நகரின் உண்மையான மக்கள், நகரின் விடுதி வாசலிலேயே அந்நியராகிவிடும் இந்தக் காட்சியை அவர் வேடிக்கையாகத்தான் எழுதினார். நமக்கோ இன்றைய வெனிஸைப் படிக்கும்போது இந்த நாய் அடிக்கடி நினைவுக்கு வருகிறது.

மொழி தெரியாதவனுக்குச் சொந்த மொழி பேசும் விடுதி என்பது வெறும் ஆறுதல் அன்று, பணமும்கூட. வே தம் குறிப்புகளில் நாணய மாற்று விவரங்களைத் தருகிறார்; வழியில் பயன்படும் கிரேக்கச் சொற்களையும் தொடர்களையும் ஆங்கிலப் பொருளுடன் தொகுத்துத் தருகிறார். என்னென்ன வாங்க வேண்டும் என்பதிலும் அவருடைய கண் கூர்மையானது. மூன்று பீப்பாய்களுள் இரண்டு மதுவுக்கு, ஒன்று தண்ணீருக்கு. பூட்டுள்ள சிறு பெட்டி ஒன்று. வாணலி, தட்டுகள், ரொட்டி துருவும் கருவி. அரிசி, அத்திப்பழம், உலர்திராட்சை, மிளகு, கிராம்பு, குங்குமப்பூ. கூண்டில் அரை டசன் கோழிகள், அவற்றுக்குத் தீனியும். பட்டியலில் வரும் மிளகு நம் மலபார்க் கரையில் விளைந்து, செங்கடலும் எகிப்தும் கடந்து வெனிஸ் சேர்ந்த சரக்கு. அதை வாங்கிக்கொண்டு வந்த திசை நோக்கியே கப்பலேறியவர்களை எண்ணினால் சிறு புன்னகை எழுகிறது.

வேயின் ஏட்டிலிருந்து கிடைக்கும் பயணி விவரம் அறிந்தவர், ஆண், கல்விமான். இவை மூன்றும் இல்லாத ஒருவர் அரை நூற்றாண்டுக்கு முன் அதே நகரில் காத்திருந்தார். இங்கிலாந்தின் லின் நகரைச் சேர்ந்த மார்ஜரி கெம்ப், பதினான்கு பிள்ளைகளைப் பெற்றவர், எழுதத் தெரியாதவர். தம் வாழ்வை அவர் பிறரிடம் சொல்லி எழுதுவித்த நூலின் கைப்பிரதி 1934இல்தான் அடையாளம் காணப்பட்டது. 1413–14இல் அவர் எருசலேம் செல்லும் வழியில் வெனிஸில் பதின்மூன்று வாரங்கள் தங்கினார்.

உடன் வந்தவர்களுக்கும் அவருக்கும் வழியிலேயே பிணக்கு. மார்ஜரி இடைவிடாது அழுவார். இறைச்சி உண்ண மறுப்பார். எந்நேரமும் இறைவனைப் பற்றியே பேசுவார். உணவு மேசையில் வேதம் பேசுவதில்லை, எல்லோருடனும் கலகலப்பாக இருப்பது என்னும் நிபந்தனையின் பேரிலேயே அவரைத் தம்முடன் சேர்த்துக்கொண்டனர். வெனிஸில் ஒருநாள் உணவின்போது அவர் விவிலிய வாசகம் ஒன்றைச் சொல்லிவிட்டார். ஒப்பந்தம் முறிந்தது என்றனர். ஆம், இனி அதைக் காக்க என்னால் இயலாது என்று அவரும் எழுந்துவிட்டார். அதன்பின் ஆறு வாரம் தம் அறையில் தனியே உண்டார்; சாவின் விளிம்புவரை நோயுற்றுத் தேறினார். அவருடைய பணிப்பெண்ணோ அவரை விட்டுவிட்டு மற்றவர்களுக்குச் சமைத்துத் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். ஞாயிறுதோறும் மார்ஜரி நன்மை பெற்றது ஒரு பெரிய கன்னியர் மடத்தில். அங்கே அவரை அன்புடன் வரவேற்றனர் என்கிறது நூல்.

பிறகு கப்பல் ஏற்பாடு. தோழர்கள் தமக்கு வேண்டிய மதுக் கலங்களையும் படுக்கைகளையும் வாங்கிக்கொண்டனர். மார்ஜரிக்கென்று ஒன்றும் வாங்கவில்லை. அவர் தாமே போய் அவர்கள் வாங்கியவாறே வாங்கிவந்தார். கப்பலில் ஒரு குருவானவர் அவருடைய விரிப்பை எடுத்துக்கொண்டு அது தம்முடையது என்று சாதித்தார். ஐந்நூறு பக்க மறையியல் தராத ஒன்றை இந்த விரிப்பு தந்துவிடுகிறது என்பது நம் கருத்து. வேயின் மூன்று டக்கட் படுக்கை ஏன் ஓர் அறிவுரையாக எழுதப்பட வேண்டியிருந்தது என்பதும் இங்கே விளங்குகிறது. கடலில் தனக்கென ஒரு விரிப்பு இருப்பது அவ்வளவு பெரிய காரியமாக இருந்தது.

வெனிஸ் அரசு இதையெல்லாம் பார்த்துக்கொண்டு வாளாவிருக்கவில்லை. யாத்திரிகருக்கு வழிகாட்டுவதற்கென்றே தோலோமாரி எனப்பட்டோரை நியமித்திருந்தது. புனித மாற்குச் சதுக்கத்திலும் ரியால்டோவிலும் நின்று, விடுதி காட்டவும், பணம் மாற்றவும், கப்பல் தலைவனுடன் பேரம் பேசவும் துணைசெய்வது அவர்கள் கடமை. கப்பல் தலைவனுடனான ஒப்பந்தத்தை நகரத் தலைவர்கள் முன்னிலையில், நூறு டக்கட் பிணையுடன் செய்துகொள்ளுங்கள் என்று வே எழுதுவது இந்த அமைப்பை நம்பித்தான். வாக்குத் தவறிய கப்பல் தலைவர்கள்மீது வழக்குத் தொடுக்க இடமிருந்தது. அறச்சிந்தனை என்று இதைப் புகழ்ந்துவிட வேண்டியதில்லை. ஏமாந்து திரும்பும் ஒரு யாத்திரிகன் தன் ஊரில் நூறு பேரைத் தடுப்பான் என்பது வணிகக் குடியரசுக்குத் தெரியும். ஆயினும் ஏழைப் பயணிக்குக் கிடைத்த பாதுகாப்பு உண்மையானது.

ஒன்றுமே இல்லாதவருக்குச் சத்திரங்கள் இருந்தன. அவற்றுள் ஒன்று கா தி தியோ. ‘கடவுளின் வீடு’ என்று பொருள். புனித பூமிக்குச் செல்லும் யாத்திரிகருக்காக 1272இல் தொடங்கப்பட்டது. கப்பல் கட்டும் அர்செனாலே தளத்திற்கு அருகே, நீர்க்கரையில் நிற்கிறது. பிற்காலத்தில் ஆதரவற்ற பெண்களின் புகலிடமானது. பதினாறாம் நூற்றாண்டில் சன்சொவீனோ என்னும் பெருங்கட்டடக்கலைஞர் அதை விரிவுபடுத்தினார். அண்மைக் காலம்வரை முதியோர் இல்லமாக இருந்தது. யாத்திரிகர், பெண்கள், முதியோர் என்று ஆட்கள் மாறினரே தவிர, போக்கிடம் இல்லாதவருக்கான வீடு என்னும் குணம் ஏழு நூற்றாண்டுகளுக்கு மேல் மாறவில்லை. 2021இல் அது ஐந்து நட்சத்திர விடுதியாகத் திறக்கப்பட்டது. பெயரை மட்டும் மாற்றவில்லை.

ஜெர்மன் வணிகர் மனையும் இத்தகைய ஒரு பாதையில் சென்றது. 1505இல் எரிந்து, மறுபடி கட்டப்பட்டபோது ஜியோர்ஜோனேயும் தித்தியானும் அதன் புறச்சுவர்களில் ஓவியம் தீட்டினர். இருபதாம் நூற்றாண்டில் அஞ்சலகமாக இருந்தது. உள்ளூர்க்காரர் முத்திரை வாங்க நுழைந்த வாசல் அது. 2016இல் ஆடம்பரப் பொருள் அங்காடியாயிற்று. 2025இல் அங்காடியும் மூடப்பட்டது.

நாம் முன்னே சொன்ன வேறுபாடு இங்கேதான் இருக்கிறது. அன்றைய வெனிஸ் அந்நியனிடம் பணம் பறித்தது. ஆனால் அவனுக்குப் படுக்கை விற்றவரும் அங்கேயே குடியிருந்தார், அடுத்த ஆண்டு அரை விலைக்குத் திரும்பப் பெற்றுக்கொள்ள அங்கேயே இருந்தார். 1951இல் வெனிஸின் பழைய நகர்ப்பகுதியில் ஏறத்தாழ 1,75,000 பேர் வாழ்ந்தனர். 2022இல் அவ்வெண் 50,000க்குக் கீழே இறங்கியது. 2023இல் பயணியருக்கான படுக்கைகள் குடியிருப்போரின் எண்ணிக்கையைத் தாண்டிவிட்டன என்று உள்ளூர்க் குடிமக்கள் குழு ஒன்று கணக்கிட்டுச் சொன்னது. வீட்டை மாத வாடகைக்கு விடுவதைவிட இரவு வாடகைக்கு விடுவது இலாபம் என்றான பின், ரொட்டிக் கடைக்காரரின் மகனுக்கு அங்கே வீடு கிடைப்பதில்லை. மலிவான அறை தேடி இணையத்தில் நாம் தட்டும் ஒவ்வொரு வீடும் யாரோ ஒருவர் வாழ்ந்திருக்கக்கூடிய வீடு. நம் சிக்கனமும் இதில் பங்காளி என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

அப்படியானால் எங்கே தங்குவது? நாங்கள் நால்வரும் ஒருவாறு முடிவுக்கு வந்தோம். துறவற மடங்களும் சபைகளும் நடத்தும் விருந்தினர் இல்லங்கள் வெனிஸில் இன்னமும் உள்ளன. ஃபொரெஸ்தெரியா என்று அவற்றுக்குப் பெயர். எளிய அறை, சிலவற்றில் இரவு குறித்த நேரத்தில் கதவை அடைத்துவிடுவார்கள். குடும்பம் வாழ்ந்த வீட்டைக் காலிசெய்து உருவானவை அல்ல என்பதால் எங்களுக்கு மனம் ஒப்பியது. அங்கே இடம் கிடைக்காவிட்டால் பெருநிலப்பகுதியிலுள்ள மெஸ்த்ரே; இரயிலில் பத்து நிமிடத் தொலைவுதான். பகலில் மட்டும் வந்துபோவோரிடம் குறிப்பிட்ட நாட்களில் வெனிஸ் நகராட்சி 2024 முதல் நுழைவுக் கட்டணம் வாங்கத் தொடங்கியது. 2025இல் அது 54 நாட்களுக்கு, முன்பதிவுக்கேற்ப ஐந்து அல்லது பத்து யூரோ. மெஸ்த்ரேயும் வெனிஸ் நகராட்சியைச் சேர்ந்ததே. அங்கே இரவு தங்கித் தங்கல் வரி செலுத்துவோருக்கு இந்தக் கட்டணம் இல்லை. பக்கத்திலுள்ள பதுவாவில் அறை எடுத்தால் உண்டு. தண்ணீருக்கு வேயைப்போலப் பீப்பாய் வேண்டாம். தெருக் குழாய்களில் நல்ல நீர் இலவசமாக வருகிறது.

மடம் ஒன்றுக்கு எழுதிக் கேட்டிருக்கிறோம். பதில் வரவேண்டும். விரிப்புக்குத் தனிக் கட்டணம் உண்டா என்று கேட்டெழுத மறந்துவிட்டோம் என்று நண்பர் ஒருவர் நேற்று நினைவூட்டினார்.