ஒரு நூலுக்கு எத்தனை கைகள்?

கல்லூரி நூலகங்களின் பின்புறத்தில் ஓர் அறை உண்டு. வாசகர் நுழையாத அறை அது. பதிப்பகங்களிலிருந்து வரும் நூற்கட்டுகள் அங்கேதான் இறங்கும். விலைச்சீட்டோடு ஒப்பிட்டுச் சரிபார்த்தல், சேர்க்கைப் பதிவேட்டில் எண்ணிடுதல், முத்திரை குத்துதல், பொருளறிந்து பகுப்பெண் இடுதல், நூற்பட்டியலில் பதிதல், முதுகில் எண்சீட்டு ஒட்டுதல், உள்ளே தவணைச் சீட்டு ஒட்டுதல் என இத்தனையும் முடிந்த பின்னரே ஒரு நூல் அலமாரியைச் சென்றடைகிறது.

நாம் பணியாற்றிய கல்லூரி ஒன்றில், நிதியாண்டு முடியுமுன் அவசரமாக வாங்கப்பட்ட தமிழ் நூல்கள் அடுத்த மார்ச்சிலும் சணல் அவிழ்க்கப்படாமல் கிடந்ததைக் கண்டிருக்கிறோம். இருந்தவர் ஒரே நூலகர். நூல் வழங்கும் மேசையும் அவரே, பின்னறையும் அவரே. ஆய்வு மாணவர் ஒருவர் பல நாள் தேடிய நூல் அக்கட்டுகளுள் ஒன்றில்தான் இருந்தது. பட்டியலில் ஏறாமையால் 'இல்லை' என்னும் விடையே அவருக்குக் கிடைத்தது. வாங்கிய நூல் இல்லாத நூலாகிப் போன விந்தையை அன்று கண்டோம். அந்த நூலகரைச் சோம்பேறி என்று ஏசியவர்களும் உண்டு. அவ்வேச்சு நியாயமானதா என்பதை ஆராய, இப்பின்னறையின் வரலாற்றைச் சற்றே புரட்டிப் பார்க்க வேண்டும்.

தொப்பூரையும் தருமபுரியையும் சுற்றிப் பயின்ற ஒரு தலைமுறைக்கு, 1997 இல் சேலத்தில் பெரியார் பல்கலைக்கழகம் தோன்றும் வரை, பல்கலைக்கழகம் என்றால் சென்னைப் பல்கலைக்கழகம்தான். இந்திய நூலகங்களின் பின்னறை முறையாக மறுசீரமைக்கப்பட்ட கதையும் அங்கிருந்தே தொடங்குகிறது.

சீர்காழியில் 1892 இல் பிறந்த சீ. இரா. அரங்கநாதன் கணிதப் பேராசிரியர். சென்னை மாநிலக் கல்லூரியில் கற்பித்துக்கொண்டிருந்தவர், 1924 சனவரியில் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகராக அமர்ந்தார். தொடக்கத்தில் அப்பணி அவருக்குச் சலிப்பையே தந்தது. வகுப்பறைக்கே திரும்பிவிட விரும்பினார். ஆயினும் அவ்வாண்டே இலண்டன் சென்று, பகுப்பாக்கத்தில் வல்லவரான பெர்விக் சேயர்சிடம் பாடம் கேட்டார். இங்கிலாந்தின் நூலகங்கள் பலவற்றை நேரில் சென்று பார்த்தார். ஒவ்வொரு நூலகமும் தனக்கென ஒரு வழக்கத்தைப் பற்றிக்கொண்டிருந்தது. அவ்வழக்கங்களுக்கு அடிப்படையான கொள்கை மட்டும் எங்கும் தென்படவில்லை. 1925 இல் கப்பலில் திரும்பும்போது, தாம் வகுத்துவந்த பகுப்பு முறையை அக்கப்பலின் நூலகத்திலேயே சோதித்துப் பார்த்தார் என்பர்.

அரங்கநாதன் என்றதும் 1931 இல் வெளிவந்த 'நூலகவியலின் ஐந்து விதிகள்' நம் நினைவுக்கு வரும். அவ்விதிகள் வாசகர் பக்கம் நின்று பேசுபவை. அவற்றை நடைமுறையாக்கிய உழைப்போ பின்னறையில் நிகழ்ந்தது. 1933 இல் கோலன் பகுப்பு முறை, 1934 இல் பட்டியலாக்க விதித்தொகுப்பு, 1935 இல் நூலக நிருவாகம் பற்றிய நூல் என மூன்று ஆண்டுகளில் மூன்று நூல்கள் வந்தன. நூலை எங்கே வைப்பது, அதை எப்படிப் பதிவது, இவற்றை யார் எவ்வரிசையில் செய்வது என்னும் மூன்று வினாக்களுக்கு அவை முறையே விடை கூறின.

தமிழ் பயின்றோர்க்கு முதல் வினாவே சுவையானது. அமெரிக்கரான டூயியின் முறையில் தமிழ் இலக்கியத்தின் எண் 894.811. ஐரோப்பிய மொழிகளுக்கு விசாலமான இடங்களை ஒதுக்கிவிட்டு, எஞ்சிய மூலையில் ஏனைய மொழிகளோடு தமிழையும் ஒடுக்கியதன் விளைவு இந்நீண்ட எண். கோலன் முறையிலோ இலக்கியத்துக்கு 'ஓ' என்னும் ஆங்கில எழுத்து, தமிழுக்கு 31, கவிதைக்கு 1, நாடகத்துக்கு 2, புனைகதைக்கு 3. மொழியையும் வடிவத்தையும் தனித்தனியே எடுத்துக் கோத்துக்கொள்ளலாம். சங்கப் பாடலுக்கு இடம் தேடும் பணியாளர் பிறர் வரைந்த மூலைக்குள் அதைத் திணிக்க வேண்டியதில்லை.

மூன்றாம் வினாதான் இக்கட்டுரைக்கு உரியது. ஒரே நூலின் விவரத்தைத் தேர்வுப் பட்டியலில் ஒருமுறை, ஆணைப் பதிவில் ஒருமுறை, சேர்க்கைப் பதிவேட்டில் ஒருமுறை எனத் திரும்பத் திரும்ப எழுதுவது வழக்கம். அரங்கநாதன் பரிந்துரைத்த முறையில் நூல் தேர்வுக்கு எழுதும் அட்டையே நூலுக்கு ஆணையிட்டதும் ஆணை அட்டையாகும்; நூல் வந்ததும் அதுவே சேர்க்கை அட்டையாகும். ஒருமுறை எழுதியதை மறுமுறை எழுத வேண்டியதில்லை. பகுப்பெண்ணை அடியிலிருந்து படிப்படியாகப் பிரித்து, அதிலிருந்தே பொருள் தலைப்புகளைப் பெறும் சங்கிலி முறையும் அவர் தந்ததே. பகுப்பவர் ஒருமுறை சிந்தித்ததைப் பட்டியலிடுபவர் மீண்டும் தொடக்கத்திலிருந்து சிந்திக்க வேண்டாம் என்பதே அதன் பயன்.

முறை மட்டும் போதாது, அதை அறிந்த ஆட்களும் வேண்டும் என்பதை அவர் உணர்ந்திருந்தார். 1928 இல் தோன்றிய சென்னை நூலகச் சங்கம் மறு ஆண்டே பயிற்சிப் பள்ளியைத் தொடங்கியது. 1931 இல் பல்கலைக்கழகம் அப்பயிற்சியை ஏற்றுக்கொண்டது. நூலகப் பணி என்பது கல்வி கற்றுச் செய்யும் தொழில் என்னும் எண்ணம் நம் நாட்டில் வேரூன்றியதில் இப்பள்ளிக்குப் பெரும் பங்குண்டு.

இனி, வியப்பும் வருத்தமும் ஒருங்கே தரும் பகுதிக்கு வருவோம். 1945 இல் அரங்கநாதன் காசி இந்துப் பல்கலைக்கழகத்துக்குச் சென்றார். முறையாகப் பகுக்கப்படாத பெருந்தொகுதி ஒன்று அங்கே காத்திருந்தது. 1947 இல் அங்கிருந்து நீங்குவதற்குள், ஏறத்தாழ ஒரு இலட்சம் நூல்களைத் தனியொருவராகவே பகுத்துப் பட்டியலிட்டார் என்று அவருடைய வரலாற்றை எழுதியோர் கூறுகின்றனர். நூலகர் விழாக்களில் தவறாது எடுத்துரைக்கப்படும் நிகழ்ச்சி இது.

விழா மேடைகளில் அதிகம் ஒலிக்காத மற்றொன்றும் உண்டு. நூலகத்துக்கு எத்தனை பணியாளர் வேண்டும் என்பதற்கு அவரே ஒரு வாய்பாடு வகுத்தார். அதன்படி, ஆண்டுக்கு 6,000 நூல் வாங்கும் நூலகத்தில் நூல் வாங்கும் பிரிவுக்கு ஒருவர் வேண்டும். அதே நூல்களைப் பகுத்துப் பட்டியலிடும் தொழில்நுட்பப் பிரிவுக்கோ 2,000 நூலுக்கு ஒருவர் வீதம் மூவர் வேண்டும். பருவ இதழ்களின் கட்டுரைகளுக்கு அடைவு செய்வதானால் அதற்கும் தனிக்கணக்கு உண்டு. வாங்குவது எளிது, வாசகர் கைக்குச் சேர்ப்பதே கடினம் என்பதை இவ்வெண்களைவிடத் தெளிவாக எதுவும் கூறிவிட முடியாது.

இவ்வாய்பாட்டைக் கொண்டே காசியை அளந்து பார்ப்போம். ஒரு இலட்சம் நூலை 2,000 ஆல் வகுத்தால் 50. பயிற்சி பெற்ற ஒருவர் ஐம்பது ஆண்டுகள் செய்ய வேண்டிய பணியை, ஐம்பதைக் கடந்த ஒருவர் இரண்டாண்டுகளுக்குள் செய்திருக்கிறார். அவர் மாமனிதர் என்பதில் ஐயமில்லை. ஆனால் பிறரிடம் தாம் எதிர்பார்த்த அளவு அதுவன்று என்பதற்கு அவர் வாய்பாடே சான்று. நம் நிருவாகங்களோ காசியை நினைவில் வைத்துக்கொண்டு வாய்பாட்டை மறந்துவிட்டன. ஒருவரின் தவத்தை எல்லார்க்கும் விதியாக்குவது தவத்துக்கும் பெருமையன்று, விதிக்கும் பெருமையன்று.

நூல் அச்சேறும்போதே பகுப்பெண்ணையும் பட்டியல் விவரத்தையும் அதில் அச்சிட்டுவிட்டால் ஒவ்வொரு நூலகமும் அதே உழைப்பைத் திரும்பச் செய்ய வேண்டாம் என்று அரங்கநாதன் வலியுறுத்தினார். அமெரிக்கக் காங்கிரசு நூலகம் அத்தகைய திட்டத்தை 1971 இல் நடைமுறைப்படுத்தியது. இன்று 'சோல்', 'கோகா' முதலிய மென்பொருள்களால், பிறர் ஆக்கிய பதிவை இறக்கிக்கொள்ளும் வசதி நம் கல்லூரிகளுக்கும் வாய்த்திருக்கிறது. ஆங்கிலப் பாடநூல்களுக்கு இது பெரும் வரம். சிற்றூர்ப் பதிப்பகம் வெளியிட்ட தமிழ்க் கவிதை நூலுக்கோ ஆயத்தப் பதிவு எளிதில் கிடைப்பதில்லை. அதை யாரேனும் ஒருவர் விரித்துப் படித்து, பொருளறிந்து பதிந்தே ஆகவேண்டும். ஆகவே ஆட்குறைப்பில் முதலில் காணாமற்போவது தமிழ் நூலே.

நாம் தொடக்கத்தில் கூறிய நூலகரிடம் திரும்புவோம். ஒரு கல்லூரி ஆண்டுக்கு 500 நூல் வாங்குவதாகக் கொள்வோம். வாய்பாட்டின்படி அது ஒருவரின் ஆண்டுப் பணியில் கால் பங்கு, அதாவது முழுதாக மூன்று மாதம். கணினி அதைப் பாதியாகக் குறைத்தாலும் ஒன்றரை மாதம். காலை முதல் மாலை வரை வழங்கு மேசையில் அமர்ந்திருக்கும் ஒருவருக்கு அம்மூன்று மாதமோ ஒன்றரை மாதமோ எங்கிருந்து வரும்? சணல் அவிழாத கட்டுகளுக்குக் காரணம் அவருடைய சோம்பலன்று, வகுத்தல் கணக்கு. நூலுக்கு நிதி ஒதுக்கும் கோப்பிலேயே அந்நூலைப் பகுக்கும் கைகளுக்கும் ஒரு வரி எழுதப்படும் வரை, நம் மாணவர்க்குக் கிடைக்கும் விடை 'இல்லை' என்பதாகவே இருக்கும்.