1894 கனடா அமெச்சூர் ஹாக்கி சங்கப் பருவம்

கனடா அமெச்சூர் ஹாக்கி சங்கம் 1894 ஜனவரி முதல் மார்ச் வரை நடத்திய லீக் தொடரில் ஐந்து கழகங்கள் ஆடின. தொடர் முடிந்தபோது அவற்றில் நான்கு, வெற்றியிலும் தோல்வியிலும் ஒரே கணக்கில் நின்றன. பட்டம் யாருக்கு என்று தீர்க்க மாண்ட்ரியல் நகரின் விக்டோரியா ஸ்கேட்டிங் அரங்கில் மார்ச் 17, 22 தேதிகளில் இரண்டு ஆட்டங்கள் நடந்தன. ஸ்டான்லி கோப்பைக்கான முதல் முடிவாட்டங்கள் இவையே. இரண்டிலும் வென்ற மாண்ட்ரியல் ஹாக்கி கிளப், முந்தைய ஆண்டு தான் வென்ற கோப்பையைத் தக்கவைத்துக்கொண்டது.

வட அமெரிக்கத் தொழில்முறை விளையாட்டில் இன்று லீக் ஆட்டங்களைவிடப் பெரிய பரபரப்போடு பார்க்கப்படுவது பிளே-ஆஃப் எனும் முடிவாட்டங்கள். ஐஸ் ஹாக்கியில் ஸ்டான்லி கோப்பைக்கான அந்த வழக்கம் யாரும் உட்கார்ந்து திட்டமிட்டு வந்ததல்ல. சமநிலை வந்தால் என்ன செய்வது என்று விதி எழுதி வைக்காத ஒரு சங்கம், எந்த ஊரில் ஆடுவது என்ற தகராறில் சிக்கித் திணறியபோது கைக்குக் கிடைத்த வழி அது.

பின்புலம்

ஐஸ் ஹாக்கியை அரங்குக்குள், விதி வகுத்து, இரண்டு அணிகளாகப் பிரிந்து ஆடிய முதல் ஆட்டமாக 1875 மார்ச் 3 அன்று மாண்ட்ரியலின் விக்டோரியா அரங்கில் நடந்ததைக் குறிப்பிடுவார்கள். அதை ஏற்பாடு செய்தவர் ஜேம்ஸ் கிரைட்டன். 1883-இல் தொடங்கிய மாண்ட்ரியல் குளிர்காலத் திருவிழாவில் ஹாக்கிக்கும் ஒரு போட்டி வைத்தார்கள். கூட்டம் சேர்ந்தது, புதிய கழகங்கள் முளைத்தன. திருவிழாவை நம்பியிராமல் குளிர்காலம் முழுவதும் ஆடவேண்டும் என்ற விருப்பத்தில் 1886 டிசம்பர் 8 அன்று மாண்ட்ரியலில் கனடா அமெச்சூர் ஹாக்கி சங்கம் தொடங்கப்பட்டது.

பெயரில்தான் கனடா. உறுப்புக் கழகங்கள் எல்லாம் மாண்ட்ரியல், ஒட்டாவா, கியூபெக் என்ற மூன்று நகரங்களுக்குள் அடங்கிவிட்டன.

தொடக்க ஆண்டுகளில் பெரும்பாலும் சவால் முறையே வழக்கம். பட்டத்தை வைத்திருக்கும் அணிக்கு மற்ற அணிகள் ஒவ்வொன்றாகச் சவால் விடும். தோற்கடித்தவரிடம் பட்டம் போகும். பருவத்தின் கடைசி ஆட்டத்தில் யார் கையில் இருக்கிறதோ அவரே ஆண்டின் சாம்பியன். இந்த முறையின் அபத்தம் 1892-இல் பட்டவர்த்தனமானது. ஜனவரியில் மாண்ட்ரியல் ஹாக்கி கிளப்பிடமிருந்து பட்டத்தைப் பறித்த ஒட்டாவா, பல வாரங்கள் அதைக் காத்தது. மார்ச் 7 அன்று அதே மாண்ட்ரியல் அணியிடம் ஒன்றுக்குப் பூஜ்யம் என்று தோற்றது. அந்த ஒரு கோலோடு ஆண்டு முழுவதற்குமான பட்டமும் போயிற்று.

பதினோரு நாள் கழித்து, மார்ச் 18 அன்று, ஒட்டாவா அணிக்காக ரஸ்ஸல் ஹவுஸ் ஹோட்டலில் ஒரு விருந்து நடந்தது. கனடாவின் கவர்னர் ஜெனரல் ஸ்டான்லி பிரபு வரவில்லை. அவர் எழுதியனுப்பிய கடிதத்தை அவருடைய உதவியாளர் கில்கோர்சி பிரபு வாசித்தார். ஆண்டுதோறும் நாட்டின் தலைசிறந்த அணிக்குச் சேரும்படி ஒரு சவால் கோப்பை தரப்போவதாகவும், இப்போதுள்ள ஆட்ட ஏற்பாடுகள் முழுத் திருப்தி தருவதாக உறுதியாகச் சொல்லமுடியாது, ஒவ்வோர் அணியும் தன் ஊரிலும் எதிரணியின் ஊரிலும் ஆடினால் நல்லது என்றும் அதில் இருந்தது. அவருடைய பிள்ளைகள் ஒட்டாவாவில் ஹாக்கி ஆடியவர்கள். தந்தைக்கு ஆர்வம் வந்ததில் வியப்பில்லை. லண்டனில் பத்து கினி கொடுத்து வாங்கிய வெள்ளிக் கிண்ணம் வந்து சேர்ந்தது. சங்கமும் 1893 பருவத்தில் சவால் முறையைக் கைவிட்டு, எல்லா அணிகளும் எல்லாரோடும் இருமுறை ஆடும் லீக் முறைக்கு மாறியது.

முதல் ஆண்டின் மனக்கசப்பு

1893 லீக்கில் மாண்ட்ரியல் ஹாக்கி கிளப் எட்டில் ஏழு வென்றது, ஒட்டாவா ஆறு. கோப்பையின் பொறுப்பாளர்களாக ஸ்டான்லி நியமித்தவர்கள் இருவர்: ஷெரீஃப் ஜான் ஸ்வீட்லேண்ட், பத்திரிகை அதிபர் பி. டி. ராஸ். அவர்கள் சவால் ஆட்டம் எதுவும் வைக்காமல் லீக் சாம்பியனுக்கே கோப்பையைத் தந்தார்கள். விதிகளைப் பருவம் தொடங்கும் முன்பே சொல்லாமல் விட்டது ஏன் என்று ஒட்டாவாவுக்குக் கோபம். அந்தக் கோபத்தில் நியாயம் இருந்தது.

ஆனால் வென்றவர்களும் மகிழவில்லை. மாண்ட்ரியல் ஹாக்கி கிளப், மாண்ட்ரியல் அமெச்சூர் தடகளச் சங்கம் என்ற பெரிய அமைப்போடு இணைந்திருந்தும் தன் காரியங்களைத் தானே பார்த்துக்கொண்ட கழகம். பொறுப்பாளர்கள் கோப்பையைத் தாய்ச் சங்கத்தின் பெயருக்கு அனுப்பினார்கள். 1893 மே 15 அன்று அதன் ஆண்டுக் கூட்டத்தில் ஸ்வீட்லேண்ட் கோப்பையை ஒப்படைத்தார். கழகத்தலைவர் ஜேம்ஸ் ஸ்டூவர்ட்டோ வாங்கிக்கொள்ள மறுத்துவிட்டார். விளையாடி வென்றது நாங்கள், பெயர் உங்களுக்கா என்பதுதான் சச்சரவின் சாரம். கோப்பையில் அந்த ஆண்டுக்குத் தாய்ச் சங்கத்தின் பெயர் பொறிக்கப்பட்டது. 1894-க்கு வெறுமனே 'மாண்ட்ரியல்' என்று மட்டும் பொறித்தார்கள்.

கோப்பை கொடுத்தவரோ, அண்ணன் இறந்து டெர்பி பிரபுப் பட்டம் தன்மேல் வந்து விழ, 1893 ஜூலையில் இங்கிலாந்து திரும்பினார். தன் பெயர் தாங்கிய கோப்பைக்காக நடந்த ஓர் ஆட்டத்தைக்கூட அவர் பார்த்ததில்லை.

அன்றைய ஆட்டம்

இன்றைய ஐஸ் ஹாக்கியை மனத்தில் வைத்துக்கொண்டு 1894-ஐப் படித்தால் தடுமாற்றம் வரும். அணிக்கு ஏழு பேர். கோல்காப்பாளர், அவருக்கு முன்னால் 'பாயின்ட்', அதற்கும் முன்னால் 'கவர் பாயின்ட்', பிறகு நான்கு முன்வரிசையினர். கிரிக்கெட் தெரிந்தவர்களுக்குப் பழகிய பெயர்கள், இடங்கள் மட்டும் வேறு. ஆட்டம் அரைமணி நேரமாக இரண்டு பகுதி. மாற்று ஆட்டக்காரர் வந்துபோகும் வழக்கம் கிடையாது. அந்த ஏழு பேரே ஏறக்குறைய முழு மணி நேரமும் ஓடியாக வேண்டும். வட்டை முன்னோக்கித் தோழனுக்குத் தள்ளுவது விதிமீறல். ஆகவே வட்டைத் தடியிலேயே ஒட்டிவைத்துக்கொண்டு எதிரிகளை வெட்டி வெட்டிப் போகத் தெரிந்தவனே அன்றைய நட்சத்திரம்.

கோல் என்பது ஆறடி இடைவெளியில் நட்ட இரண்டு கம்பங்கள். வலை இல்லை. பின்னால் பனிமேலேயே நடுவர் ஒருவர் நின்று, வட்டு கம்பங்களுக்கு இடையே புகுந்ததா என்று தன் கண்ணால் பார்த்துச் சொல்லவேண்டும். அவர் சொன்னதை நம்பாத தோற்ற அணிகள் ஏராளம். கோல்காப்பாளர் விழுந்தோ மண்டியிட்டோ வட்டைத் தடுக்கக்கூடாது, நின்றபடியேதான் காக்கவேண்டும். காலுக்குக் காப்பும் கிடையாது. 1896 பிப்ரவரியில் வின்னிபெக் அணியின் கோல்காப்பாளர் மெரிட் கிரிக்கெட் பேடு கட்டிக்கொண்டு வந்தது மாண்ட்ரியல் ரசிகர்களுக்குப் புதுமையாக இருந்தது.

பனித்தளம் இயற்கையாக உறைந்தது. வெளியே குளிர் இறங்கினால்தான் உள்ளே ஆட்டம்; மார்ச் பிறந்துவிட்டால் ஒவ்வொரு நாளும் தளம் இளகிவிடுமோ என்ற அச்சம். ஜனவரியில் தொடங்கி மார்ச்சில் முடிக்கவேண்டிய கட்டாயம் அதனால்தான்.

ஆட்டக்காரர்களுக்குச் சம்பளம் இல்லை. அமெச்சூர் என்பது அன்று வெறும் அடைமொழியல்ல, ஆளைச் சேர்ப்பதற்கும் நீக்குவதற்குமான அளவுகோல். காசு வாங்கி ஆடியவன் என்று பேர் வந்தால் கழகக் கதவு மூடிவிடும். பார்க்க வந்தவர்களிடம் அரங்குகள் கட்டணம் வாங்கின என்பதையும் இதோடு சேர்த்து நினைத்துக்கொள்ளலாம்.

நான்கு பேர் ஒரே படியில்

1894-இல் ஆடிய ஐந்தில் மூன்று மாண்ட்ரியல் அணிகள்: மாண்ட்ரியல் ஹாக்கி கிளப், விக்டோரியாஸ், கிரிஸ்டல்ஸ். மற்றவை ஒட்டாவாவும் கியூபெக்கும். ஆளுக்கு எட்டு ஆட்டம், மொத்தம் இருபது. கிரிஸ்டல்ஸ் எட்டிலும் தோற்றது. மற்ற நான்கும் ஒன்றையொன்று மாறிமாறி வீழ்த்திக்கொண்டு ஐந்து வெற்றி, மூன்று தோல்வி என்று முடித்தன. ஐந்தில் நான்கு அணிக்கு முதலிடம் என்ற விசித்திரம் எந்த லீக்கிலும் எளிதில் காணக்கிடைக்காது.

கூட்டல் கழித்தல் போட்டு முதல்வரைத் தேர்ந்தெடுக்கும் விதி எதுவும் சங்கத்திடம் இல்லை. ஆடித்தான் தீர்க்கவேண்டும் என்பதில் கருத்து வேறுபாடும் இல்லை. எங்கே ஆடுவது என்பதில்தான் எல்லாம் வந்து முட்டியது. நான்கில் இரண்டு அணிக்கு மாண்ட்ரியல் சொந்த ஊர். கியூபெக்கிலிருந்து அங்கே வர சுமார் 250 கிலோமீட்டர் ரயில் பயணம், ஒட்டாவாவிலிருந்து சுமார் 200. தனக்கும் சொந்த ஊரில் ஓர் ஆட்டம் வேண்டும் என்பது கியூபெக்கின் நிலை. பேச்சு நீண்டது, இணக்கம் வரவில்லை, கியூபெக் விலகிக்கொண்டது.

மிஞ்சிய மூன்று அணிகளுக்குள் ஒரு ஏற்பாடு உருவாயிற்று. ஆட்டங்கள் மாண்ட்ரியலில். வெளியூரிலிருந்து வருகிறவர் என்பதால் ஒட்டாவா முதல் சுற்றில் ஆடவேண்டாம், நேரே இறுதிக்கு வரலாம். உள்ளூர்க்காரர்கள் இருவரும் முதலில் மோதிக்கொள்ளட்டும். எதிரணி களைத்து வரும் என்ற கணக்கு ஒட்டாவாவுக்கு இருந்திருக்கும்.

ஒட்டாவா இதற்கு ஒப்புக்கொண்டது ஒரு வகையில் ஆச்சரியம். அந்தக் கழகம் ஒன்டாரியோ ஹாக்கி சங்கத்திலும் உறுப்பினராக இருந்து, தொடர்ந்து மூன்று ஆண்டு அதன் சாம்பியனாகவும் விளங்கியது. 1894 குளிர்காலத்திலேயே, இறுதி ஆட்டத்துக்கு டொராண்டோ வரவேண்டும் என்று ஒன்டாரியோ சங்கம் சொன்னபோது, முடியாது என்று மறுத்துச் சங்கத்தை விட்டே வெளியேறியது. டொராண்டோவுக்குப் போக மறுத்தவர்கள் மாண்ட்ரியலுக்கு ரயில் ஏறினார்கள். ஸ்டான்லி கோப்பைக்கு இருந்த மவுசு இரண்டே ஆண்டில் எவ்வளவு ஏறிவிட்டது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி கிடைக்காது.

மார்ச் 17, மார்ச் 22

முதல் ஆட்டத்தில் மாண்ட்ரியல் ஹாக்கி கிளப் விக்டோரியாஸ் அணியை 3-2 என்று வென்றது. ஐந்து நாள் கழித்து ஒட்டாவாவுடன் இறுதி ஆட்டம்.

விக்டோரியா அரங்கு 1862-இல் திறக்கப்பட்டது. பனித்தளத்தின் நீளம் 204 அடி, அகலம் 80 அடி. இன்றும் வட அமெரிக்க அரங்குகளின் அளவு இதை ஒட்டியே இருக்கிறது. மார்ச் 22 இரவு அங்கே சுமார் 5000 பேர் திரண்டார்கள். முதல் கோல் ஒட்டாவாவுக்கு. அடித்தவர் சான்சி கெர்பி. பிறகு மாண்ட்ரியல் மீண்டெழுந்தது. பில்லி பார்லோ இரண்டு கோலும் ஆர்ச்சி ஹாட்ஜ்சன் ஒன்றும் அடிக்க, ஆட்டம் 3-1 என முடிந்தது. கோலைக் காத்தவர் ஹெர்பர்ட் காலின்ஸ். ரசிகர்கள் வெற்றிபெற்றவர்களைத் தோளில் தூக்கிக்கொண்டு ஆரவாரித்தார்கள்.

கோப்பை வேறு கைக்கு மாறவில்லை என்பதால் அந்த இரவைச் சாதாரண வெற்றிவிழா என்று எடுத்துக்கொள்ளலாம்தான். ஆனால் 1893-இல் கோப்பை புள்ளிப் பட்டியலைப் பார்த்து வழங்கப்பட்டது. 1894-இல் அது ஒரு மணி நேர ஆட்டத்தில், எதிரில் நின்றவரை வீழ்த்தி எடுக்கப்பட்டது. ஒவ்வோர் அணியும் இரு ஊர்களிலும் ஆடவேண்டும் என்று விரும்பியவர் தந்த கோப்பைக்கு இப்படி நேர்ந்ததை யாரும் அன்று குறையாகச் சொன்னதாகத் தெரியவில்லை.

பிறகு

சிக்கல்கள் அதோடு தீரவில்லை. 1895 லீக்கில் முதலிடம் பெற்றது விக்டோரியாஸ். ஆனால் கிங்ஸ்டன் நகரின் குயின்ஸ் பல்கலைக்கழக அணி முந்தைய சாம்பியனான மாண்ட்ரியல் ஹாக்கி கிளப்புக்கு விட்ட சவாலைப் பொறுப்பாளர்கள் ஏற்கெனவே அனுமதித்துவிட்டார்கள். மாண்ட்ரியல் வென்றால் கோப்பை லீக்கின் புதிய சாம்பியனுக்கு, தோற்றால் குயின்ஸுக்கு என்று தீர்ப்பாயிற்று. மார்ச் 9 அன்று மாண்ட்ரியல் 5-1 என்று வென்று, கோப்பையைத் தன் உள்ளூர்ப் போட்டியாளர் கையில் சேர்த்தது. 1896 பிப்ரவரி 14 அன்று வின்னிபெக் விக்டோரியாஸ் மாண்ட்ரியலுக்கே வந்து 2-0 என்று வென்று கோப்பையை மேற்கே கொண்டுபோனது.

சங்கம் 1898 டிசம்பரில் உடைந்தது. ஒட்டாவா கேபிடல்ஸ் அணியைச் சேர்க்கக் கூட்டம் ஒப்புதல் தந்ததும், அதை எதிர்த்த பழைய கழகங்கள் எழுந்துபோய்க் கனடா அமெச்சூர் ஹாக்கி லீக் என்று புதிதாக ஒன்றைத் தொடங்கின. அங்கும் பெயரில் 'அமெச்சூர்' ஒட்டிக்கொண்டுதான் இருந்தது. சம்பளம் வாங்கும் ஆட்டக்காரர்களை வெளிப்படையாக அனுமதிக்க இன்னும் சில ஆண்டுகள் ஆயின. அந்தப் புதிய லீக்கின் முதல் இரு பட்டங்களையும் ஸ்டான்லி கோப்பையையும் 1899, 1900 ஆண்டுகளில் வென்றது மாண்ட்ரியல் ஷாம்ராக்ஸ். 1894-இல் எட்டு ஆட்டத்திலும் தோற்ற கிரிஸ்டல்ஸின் இடத்துக்கு 1895 இறுதியில் வந்த கழகம் அது.